‘பெட்டை முட்டை’ என்று தனியாக ஒன்று உண்டா?

கோழி வளர்ப்பு: கேள்வி – பதில்

“வீட்டில் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறோம். போன முறை இரண்டு கோழிகளை அடை வைத்ததில் 19 குஞ்சுகள் பொரித்தன. அதில் 13 சேவலாகப் போய்விட்டது. நீள முட்டையாகப் பார்த்து வைத்ததால்தான் சேவல் கூடிவிட்டது என்கிறார் மாமியார். பக்கத்து ஊரில் ஒருவர் உருண்டை முட்டைகளாகப் பொறுக்கி, ‘பெட்டை முட்டை’ என்று ஒன்றை 30 ரூபாய்க்குத் தருகிறார். சாதாரண அடை முட்டை 15 ரூபாய்தான். மகளிர் குழுவில் கடன் வாங்கி, 200 பெட்டை முட்டைகளும் ஒரு சின்ன இன்குபேட்டரும் வாங்கலாம் என்று இருக்கிறேன். 150 பெட்டையாவது தேறினால் முட்டை விற்றே மாதத் தவணையைக் கட்டிவிடலாம். வாங்கலாமா?”

– வாசகி, கரூர் மாவட்டம்

பெட்டை முட்டை என்று சொல்லி விற்பதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஓட்டின் வடிவத்தைப் பார்த்து உள்ளே இருப்பது சேவலா, பெட்டையா என்று சொல்ல முடியாது. 30 ரூபாய் முட்டையிலும் பாதி சேவல்தான் வரும், 15 ரூபாய் முட்டையிலும் பாதி சேவல்தான் வரும். 200 முட்டைக்கு 3,000 ரூபாய் வீணாகக் கை மாறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்த்துவிடலாம். ஏனென்றால், இந்த வாசகியின் கணக்கில் 3,000 ரூபாயைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

மனிதர்களில் பிள்ளை ஆணா, பெண்ணா என்பது தகப்பனின் உயிரணுவைப் பொறுத்தது. கோழியில் இது தலைகீழ். சேவலிடம் இருப்பது இரண்டு ‘இசட்’ குரோமோசோம்கள். பெட்டையிடம் ஒரு ‘இசட்’, ஒரு ‘டபிள்யூ’. சேவலின் விந்தணு எல்லாமே ‘இசட்’தான் கொண்டு வரும். பெட்டையின் கருமுட்டை ‘இசட்’ கொண்டிருந்தால் குஞ்சு சேவல். ‘டபிள்யூ’ கொண்டிருந்தால் பெட்டை. ஆக, தீர்மானிப்பது தாய்க்கோழி. அதுவும் தெரிந்து செய்வதில்லை. காசைச் சுண்டிப் போட்டால் பூவா, தலையா என்று விழுவதைப் போல, ஒவ்வொரு முட்டைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இந்தத் தீர்மானம் எப்போது நடக்கிறது என்பதுதான் முக்கியம். மஞ்சள் கரு சினைப்பையை விட்டுக் கழன்று வருவதற்குச் சற்று முன்பே அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் கரு, முட்டைக் குழாய்க்குள் இறங்குகிறது. அங்கே வெள்ளைக்கரு சேர்ந்து, சவ்வு போர்த்தி, கடைசியில் ஓடு படிகிறது. இந்தப் பயணம் முழுக்க ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் ஓடு உருவாவதற்கு மட்டும் 20 மணி நேரம் வரை ஆகும். முட்டை நீளமா, உருண்டையா என்பது இந்தக் குழாயின் வேலை. உள்ளே இருக்கும் கரு ஆணா, பெண்ணா என்பது குழாய்க்குத் தெரியாது.

இதற்குப் படிப்பு தேவையில்லை; வீட்டுக் கோழிகளைக் கவனித்தாலே புரியும். நீள முட்டை இடும் கோழி பெரும்பாலும் நீள முட்டையாகவே இடும். உருண்டை முட்டை இடும் கோழி உருண்டையாகவே இடும். முட்டையைக் கையில் எடுத்ததுமே ‘இது கறுப்பி இட்டது, இது செவலை இட்டது’ என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். நீள முட்டையெல்லாம் சேவல் என்றால், நீள முட்டை இடும் கோழியின் வம்சத்தில் பெட்டையே இருக்கக் கூடாது. அப்படி எந்த வீட்டிலும் நடப்பதில்லை.

மாமியார் சொல்வது புதிதாகக் கிளம்பிய பேச்சும் இல்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், நீண்டு கூரான முட்டையில் பெட்டை வரும் என்று எழுதி வைத்தார். அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, வேளாண்மை நூல் எழுதிய ரோமானியரான கொலுமெல்லா, கூரான முட்டையில் சேவல் வரும் என்று எழுதினார். இரண்டு பேரும் நேர் எதிராகச் சொல்லியிருந்தும், இரண்டையும் நம்பியவர்கள் இருந்தார்கள். காரணம் எளிது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகத்தான் இருக்கும். சரியாகப் போனது நினைவில் நிற்கும். தவறிப் போனது மறந்துவிடும். முட்டைக்கு மேல் நூலில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடும் திசையைப் பார்த்துச் சொல்வதும் இதே வகைதான்.

அப்படியானால் 19 குஞ்சில் 13 சேவல் வந்தது எப்படி? பாதிக்குப் பாதி என்பது நூற்றுக்கணக்கில் பொரிக்கும்போது தெரியும் கணக்கு. ஒரு அடையில் அப்படியே வராது. ஓர் அடையில் 12 குஞ்சு பொரித்தால், சரியாக 6 சேவல், 6 பெட்டை என்று அமைவது நான்கு அடைக்கு ஒருமுறைகூட இல்லை. ஐந்து அடைக்கு ஒருமுறை, 12-ல் 8 அல்லது அதற்கு மேல் சேவலாக இருக்கும். அதேபோல் ஐந்துக்கு ஒருமுறை 8 அல்லது அதற்கு மேல் பெட்டையாக இருக்கும். 19 குஞ்சு பொரித்த 12 வீடுகளை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு வீட்டில் 13 அல்லது அதற்கு மேல் சேவல் வருவது இயல்பான கணக்குதான். இந்த முறை அந்த வீடு இவர் வீடாக அமைந்துவிட்டது. அடுத்த அடை வேறு மாதிரி போகலாம். 100 குஞ்சு பொரிக்கும்போது பெட்டை ஏறக்குறைய எப்போதும் 40-க்கும் 60-க்கும் நடுவில் வந்து நிற்கும்.

இனி, அந்தப் பெரிய ஆபத்து. 200 முட்டை வைத்தால் 150 பெட்டை தேறும் என்று வாசகி கணக்குப் போட்டிருக்கிறார். நடைமுறை இப்படி இருக்கும்: வைத்த முட்டை எல்லாமே பொரிக்காது. கரு கூடாதது, நடுவில் கரு செத்தது, ஓட்டை உடைக்க முடியாமல் போனது என்று கழியும். வெளியில் வாங்கி, வண்டியில் குலுங்கி வந்த 200 முட்டையில் 140 முதல் 150 குஞ்சு பொரித்தாலே நல்ல பொரிப்பு. அதில் பாதி, 70 முதல் 75, பெட்டை. வளர்ப்பில் நோய், பருந்து, கீரி, பூனை என்று கொஞ்சம் போகும். கடைசியில் முட்டை இடும் பருவத்துக்கு வந்து சேருவது 65 பெட்டை அளவில்தான் இருக்கும்.

வைத்த முட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் முட்டைக் கோழியாகக் கைக்கு வரும் என்று எண்ணித் திட்டம் போடுவது பாதுகாப்பு. அதற்கு மேல் வந்தால் லாபம்.

இன்னொன்றும் இருக்கிறது. நாட்டுப் பெட்டை முட்டை இட ஆறு மாதமாவது ஆகும். அதன் பிறகும் ஒரு கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். அதிலும் இட்டு, அடைக்கு உட்கார்ந்து, குஞ்சோடு திரிந்து, மறுபடி இடும். 65 கோழி இருந்தாலும் சராசரியாக நாளுக்கு 12, 13 முட்டை. கடன் தவணை முதல் மாதமே தொடங்கிவிடும். 150 பெட்டையின் முட்டையை நம்பி வாங்கும் கடனை, ஆறு மாதம் ஒரு முட்டைகூட இல்லாமல், அதற்குப் பிறகு 65 பெட்டையை வைத்துக்கொண்டு கட்ட வேண்டிவரும்.

ஆகவே இந்த வாசகிக்கு ஏற்ற வழி, கையில் இருக்கும் அடைக்கோழிகளை வைத்தே தொடங்குவது. மூன்று கோழிகளை ஒரே வாரத்தில் 12 முட்டை வீதம் அடை வைத்தால் 36 முட்டை. மூன்றில் ஒரு பங்கு கணக்கில் 12 பெட்டை கிடைக்கும். மின்சாரச் செலவு இல்லை, கடனும் இல்லை. இப்படி இரண்டு, மூன்று அடை எடுத்து, தடுப்பூசி, தீவனம், விற்பனை மூன்றும் கைக்குப் பழகிய பிறகு இன்குபேட்டரைப் பற்றி யோசிக்கலாம். முட்டை வருமானம்தான் குறி, உடனே பெட்டைதான் வேண்டும் என்றால், சேவல், பெட்டை கண்ணுக்கே தெரியும் இரண்டரை, மூன்று மாத வயதில் விடைக்கோழிகளாக வாங்கலாம். விலை கூடுதலாக இருக்கும்; ஆனால் வாங்குவது பெட்டைதான் என்பது உறுதி.

மாமியாரின் பேச்சைத் தட்ட மனம் வரவில்லை என்றால், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்குபேட்டரிலோ அடையிலோ வைக்கும்போது முட்டைகளில் பென்சிலால் ‘நீ’, ‘உ’ என்று எழுதி வைக்க வேண்டும். 18-ஆம் நாள் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பொரிக்க விட வேண்டும். பொரித்ததும் ஒரு பிரிவின் காலில் சிவப்பு நூல், இன்னொன்றுக்குப் பச்சை நூல் தளர்வாகக் கட்டி, கால் பருக்கப் பருக்க மாற்றிக் கட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்க்கலாம். ஓர் அடையை வைத்து முடிவு செய்யாமல், ஐம்பது அறுபது குஞ்சாவது சேர்ந்த பிறகு பார்த்தால் இரண்டு நூலிலும் சேவலும் பெட்டையும் ஏறக்குறைய சமமாக நிற்பது தெரியும்.

“இன்குபேட்டரில் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினால் பெட்டையும், குறைத்தால் சேவலும் அதிகம் வரும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?”

– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

காணொளியில் சொன்னது ஆமைக்குப் பொருந்தும், கோழிக்குப் பொருந்தாது. சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் முட்டையில், மணலின் சூடுதான் ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் கூடும், குளிர்ந்தால் ஆண் கூடும். கோழியில் இது முட்டை இடுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம். இன்குபேட்டருக்குள் வைத்த பிறகு எந்த வெப்பமும் அதை மாற்றாது.

வெப்பத்தைக் கூட்டினால் நடப்பது ஒன்றுதான்: கரு சாகும். தப்பிப் பொரிப்பவையும் முன்கூட்டியே, தொப்புள் ஆறாமல், நோஞ்சானாக வெளிவரும். குறைத்தால் பொரிப்பு தள்ளிப்போகும், ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் குஞ்சு உள்ளேயே மடியும். பெட்டை கூடாது, மொத்தக் குஞ்சு எண்ணிக்கைதான் குறையும்.

மின்விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட், 21 நாளும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். முதல் 18 நாள் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவிகிதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவிகிதம். முதல் 18 நாளும் முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். கையால் திருப்புபவர்கள் நாளுக்கு மூன்று முறையாவது திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு தொடக் கூடாது.

பெட்டை அதிகம் வேண்டும் என்றால் செய்யக்கூடியது, மொத்தப் பொரிப்பைக் கூட்டுவதுதான். 100 முட்டையில் 60 பொரித்த இடத்தில் 80 பொரித்தால், பத்துப் பெட்டை கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு முட்டைத் தேர்வில் கவனம் வேண்டும். இட்டு ஏழு நாளுக்கு மேல் ஆன முட்டையை வைக்கக் கூடாது. கோடையில் நான்கைந்து நாளுக்குள் வைத்துவிட வேண்டும். கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான, குளிர்ந்த இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். முட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஓடு மெலிந்தது, விரிசல் விட்டது, மிகச் சிறியது, மிகப் பெரியது ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் இருக்க வேண்டும். 7-ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் சிலந்தி வலை போல ரத்த நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பது கூமுட்டை, அதை எடுத்துவிடலாம்.

சேவலை மாற்றினால் பெட்டை கூடுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடாது. ஆனால் சேவலை மாற்றுவது வேறு காரணத்துக்காக நல்லது. ஒரே சேவல், தன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்துகொண்டே இருந்தால் பொரிப்பும் குஞ்சுகளின் தெம்பும் குறையும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர்ச் சேவலைக் கொண்டு வருவது பொரிப்புக்கு நல்லது.

“பொரித்த அன்றே சேவல், பெட்டை பிரித்துக் கொடுப்பதாகப் பெரிய பண்ணைகளில் சொல்கிறார்கள். வீட்டுக் குஞ்சுகளிலும் அப்படிப் பார்க்க முடியுமா?”

– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பண்ணைகளில் பிரிப்பது உண்மை. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, குஞ்சின் எச்சத் துவாரத்தை விரித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் சிறு மொட்டை வைத்துச் சொல்வது. 1920-களில் ஜப்பானில் கியோஷி மசுய் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் வகுத்த முறை இது. கை பழக நீண்ட பயிற்சி வேண்டும். பழகாதவர்கள் செய்தால் குஞ்சின் குடல் நசுங்கிச் செத்துவிடும். வீட்டில் முயல வேண்டாம்.

இரண்டாவது, இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது. மூன்றாவது, குஞ்சின் நிறத்தைப் பார்ப்பது. இவை இரண்டும், அதற்கென்றே தேர்ந்தெடுத்த தாய், தகப்பன் இனங்களைச் சேர்த்தால்தான் பலிக்கும். உதாரணமாக, ரோடு ஐலண்ட் ரெட் சேவலையும், வரிக்கோடு உள்ள பிளைமவுத் ராக் பெட்டையையும் சேர்த்தால், பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், இல்லாதது பெட்டை. அந்தக் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் எடுபடாது. பல நிறம் கலந்த நாட்டுக் கோழிகளில் பொட்டையும் இறகையும் பார்த்துச் சொல்வது ஊகம் மட்டுமே.

நாட்டுக் குஞ்சுகளில் ஆறு முதல் எட்டு வாரத்தில் கொண்டை சொல்லிவிடும். சேவலுக்குக் கொண்டை முந்திப் பெருத்துச் சிவக்கும். கால் தடித்து, நிமிர்ந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கழுத்திலும் முதுகின் பின்பகுதியிலும் இறகின் நுனி கூராக நீண்டால் சேவல், மழுங்கலாக இருந்தால் பெட்டை. அதுவரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிநாட்டுச் செய்தி ஒன்று இங்கே பொருந்தும். முட்டைக்காக மட்டும் வளர்க்கும் கோழி இனங்களில் சேவல் குஞ்சுகளுக்குக் கறியும் கூடாது, முட்டையும் இல்லை என்பதால், பொரித்த அன்றே அவற்றைக் கொன்றுவிடுவது பல நாடுகளில் வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதற்காக அங்கே, அடையில் வைத்த 9-ஆம் நாள் முட்டை ஓட்டில் ஊசிமுனைத் துளையிட்டு, ஒரு சொட்டு நீர் எடுத்து, ஹார்மோனைச் சோதித்துச் சேவல் முட்டையைக் கழிக்கும் இயந்திரங்கள் வந்தன. முட்டையின் வடிவத்தைப் பார்த்தோ, வெப்பத்தை மாற்றியோ பெட்டையாக்க முடியும் என்றால், இத்தனை செலவு செய்து இயந்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். பக்கத்து ஊரில் ‘பெட்டை முட்டை’ விற்பவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான்.

“எப்போது அடை வைத்தாலும் பாதி சேவலாகிவிடுகிறது. தீவனம் தின்கிறது, ஒன்றையொன்று கொத்திக்கொள்கிறது. சேவல்களை என்ன செய்வது?”

– வாசகி, சிவகங்கை மாவட்டம்

நாட்டுக் கோழியில் சேவல் நஷ்டம் இல்லை. எடை கூடுதல், கறிக்குக் கிராக்கி, கோயில் வேண்டுதலுக்கும் சேவல்தான் கேட்பார்கள். பெட்டை முட்டை இட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்; சேவல் ஐந்தாம் மாதமே காசாகிவிடும். கடன் வாங்கிக் கோழி வளர்க்கும் வீட்டில் முதலில் கைக்கு வரும் பணம் சேவல் விற்ற பணம்தான்.

நஷ்டம் வருவது, எல்லாவற்றையும் ஒரே கூட்டில் போட்டு வைத்து, விற்கும் காலம் தெரியாமல் வளர்ப்பதால். மூன்று மாதத்தில் சேவல் அடையாளம் தெரிந்ததும் தனியாகப் பிரித்துவிட வேண்டும். பிரித்தால் கொத்துச் சண்டையில் பெட்டைகள் அடிபடாது. தீவனமும் சமமாகக் கிடைக்கும். இனவிருத்திக்குப் பத்துப் பெட்டைக்கு ஒன்று வீதம், உடம்பு வாகும் சுறுசுறுப்பும் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம். வளர்ந்து முடிந்த சேவலை மேலும் இரண்டு மாதம் வைத்திருந்தால், தின்னும் தீவனம் கூடும் எடையைவிட அதிகமாகிவிடும்.

விற்கும் மாதத்தை மனதில் வைத்து அடை வைக்க வேண்டும். மாசியில் பொரித்த சேவல் ஐந்து மாதத்தில் ஆடித் திருவிழாவுக்குத் தயாராகும். சித்திரையில் பொரித்தது புரட்டாசியில் வந்து நிற்கும். அப்போது பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள், விலை இறங்கிவிடும். வைகாசியில் பொரித்தது ஐப்பசியில், தீபாவளிக்குக் கைகொடுக்கும். ஆவணியில் பொரித்தது பொங்கலுக்கு ஆகும். அடைக்காலம் 21 நாள் என்பதால், பொரிக்க வேண்டிய மாதத்துக்கு மூன்று வாரம் முன்பே முட்டையை வைத்துவிட வேண்டும்.

சேவலோ பெட்டையோ, குஞ்சு தேறினால்தான் காசு. வெள்ளைக்கழிச்சலுக்கான முதல் சொட்டு மருந்தை ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். எட்டாவது வாரத்தில் தடுப்பூசி போட வேண்டும். இரண்டுக்கும் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். இளம் குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரம் கதகதப்பும், பருந்துக்கும் கீரிக்கும் எட்டாத வலைக்கூடும் தேவை. பெட்டை முட்டைக்கென்று கூடுதலாகக் கொடுக்க நினைத்த 3,000 ரூபாயைக் கரூர் வாசகி இந்த வலைக்கும் மருந்துக்கும் செலவிட்டால், அவர் கோழிக்கூட்டில் பெட்டைகள் நிச்சயம் கூடும்.